பழுத்தும் விடாத புளிப்பு

மாங்காய் பழுத்தால் இனிக்கிறது. புளியோ பழுத்த பிறகும் புளிக்கிறது. இரண்டும் மரத்தில் காய்ப்பவை, இரண்டும் பிஞ்சில் பல் கூசும் அளவுக்குப் புளிப்பவை, இரண்டும் முதிர முதிரச் சர்க்கரையைச் சேர்ப்பவை. பழுத்த புளியின் சதையில் சர்க்கரைக்குக் குறைவில்லை. அதன் எடையில் கால் பங்கு அளவுக்குக்கூடச் சர்க்கரை இருப்பதுண்டு. அப்படியிருந்தும் ரசத்துக்கும் குழம்புக்கும் புளிப்பேற்றப் பழுத்த புளியைத்தான் கரைக்கிறார்கள். பழுத்த மாம்பழத்தால் அந்த வேலை ஆகாது. பழுத்தல் என்பது புளிப்பு நீங்கி இனிப்பு வருதல் என்றால், புளிக்கு மட்டும் அந்த விதி ஏன் பொருந்தவில்லை என்ற கேள்வி சமையலறையில் நிற்கும் எவருக்கும் எழக்கூடியதே.

இந்தக் கேள்விக்கான விடையைத் தேடிச் செல்லத் திராட்சையைவிட நல்ல வழித்துணை கிடைக்காது. ஏனெனில் மாங்காயைப்போல மறைந்துவிடும் புளிப்பும், புளியைப்போல நிலைத்துவிடும் புளிப்பும் ஆகிய இரண்டையும் ஒரே தோலுக்குள் வைத்திருக்கும் பழம் அது. அந்த இரண்டும் எந்த விகிதத்தில் எஞ்சுகின்றன என்பதை ஒரு தொழிலாகவே கவனித்து வருபவர்கள், ஜெர்மனியின் மோசெல் ஆற்றங்கரையில் ரீஸ்லிங் என்னும் வெள்ளைத் திராட்சையை வளர்த்து ஒயின் செய்யும் சிறு குடும்பத்தார். அவர்களுடைய ஒயினை அருந்துவோர் முதலில் குறிப்பிடுவது அதன் துடிப்பான புளிப்பை, நாவில் பட்டதும் வாயில் நீர் ஊறச் செய்யும் அந்தத் தெளிந்த கூர்மையை. அந்தக் கூர்மை எங்கிருந்து வருகிறது, எப்படிக் காக்கப்படுகிறது என்பதே இந்த அத்தியாயத்தின் பொருள்.

எரியும் அமிலமும் எரியாத அமிலமும்

திராட்சையின் புளிப்பில் பெரும்பகுதி இரண்டு அமிலங்களைச் சார்ந்தது. ஒன்று மாலிக் அமிலம். பச்சை ஆப்பிளின் புளிப்புக்குக் காரணமான இதை இந்த அத்தியாயத்தில் ஆப்பிள் அமிலம் என்று அழைக்கலாம். மற்றொன்று டார்டாரிக் அமிலம். புளியின் புளிப்பு பெரும்பாலும் இதனால் வருவது என்பதால் இதற்குப் புளி அமிலம் என்ற பெயர் பொருந்தும். பழங்களின் உலகில் ஆப்பிள் அமிலம் எங்கும் காணப்படுவது. புளி அமிலத்தைத் தாராளமாகச் சேர்த்து வைக்கும் பழங்களோ மிகச் சில; அவற்றுள் உலகெங்கும் பயிராகும் இரண்டு, புளியும் திராட்சையும்.

திராட்சைப் பிஞ்சு கடுகளவிலிருந்து பட்டாணி அளவுக்கு வளரும் முதற்கட்டத்தில் இரண்டு அமிலங்களும் அதனுள் சேர்கின்றன. புளி அமிலத்தைக் கொடி உருவாக்கும் வழி வியப்பூட்டுவது. உயிர்ச்சத்து சி என்று அறியப்படும் அஸ்கார்பிக் அமிலத்தைச் சிதைத்துத்தான் அது புளி அமிலத்தைச் செய்கிறது. இந்த வேலை பிஞ்சுப் பருவத்திலேயே ஏறத்தாழ முடிந்துவிடுகிறது. பிறகு ஒரு நாள், காய் கெட்டித்தன்மை இழந்து மெல்ல இளகி, பச்சை நிறம் மங்கிக் கண்ணாடிபோல ஒளி ஊடுருவத் தொடங்கும் செங்காய்ப் பருவம் வருகிறது. அன்றிலிருந்து இலைகள் செய்யும் சர்க்கரை வெள்ளமெனக் காய்க்குள் பாய்கிறது. அந்தத் தருணத்தில் ஒரு லிட்டர் சாறு பிழிந்தால் அதில் ஆப்பிள் அமிலம் மட்டுமே 20 கிராமைத் தாண்டுவதுண்டு.

பழமும் உயிருள்ள பொருளே என்பதால் அதற்கும் சுவாசம் உண்டு. உயிரணுக்கள் ஏதேனும் ஓர் எரிபொருளை ஆக்சிஜனோடு சேர்த்துச் சிதைத்து, தமக்கு வேண்டிய ஆற்றலைப் பெற்றாக வேண்டும். செங்காய்ப் பருவம் வரை சர்க்கரையை எரித்துவந்த திராட்சை, அதன்பின் சர்க்கரையைச் சேமித்துக்கொண்டு, ஆப்பிள் அமிலத்தை எரிபொருளாக்கிக்கொள்கிறது. வாரங்கள் செல்லச் செல்ல அந்த அமிலம் கரைந்து குறைவதற்குக் காரணம் இதுவே. மாங்காயின் புளிப்புக்குக் காரணமான அமிலங்களும் பழுக்கும்போது இவ்வாறே செலவாகின்றன. புளி அமிலத்தை எரிக்கும் வழியோ இந்தப் பழங்களின் உயிரணுக்களிடம் ஏறத்தாழ இல்லை. ஒருமுறை சேர்ந்த புளி அமிலம் அப்படியே கிடக்கிறது. பழம் பருத்து நீர் கூடும்போது சற்று நீர்த்துப்போவதைத் தவிர அதற்கு வேறு குறைவு இல்லை. பழுத்த புளி புளிப்பதன் காரணமும் இதுதான்: சர்க்கரை சேர்ந்தது உண்மை, ஆனால் அமிலம் வெளியேற வழியில்லை.

சுவாசத்தின் வேகத்தை வெப்பம் தீர்மானிக்கிறது என்பது இதில் அடுத்த படி. உயிரணுக்களுக்குள் நடக்கும் பல வினைகள் வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் உயரும்போது தோராயமாக இரண்டு மடங்கு வேகம் கொள்கின்றன. இரவு வெப்பநிலை 25 டிகிரியில் நிற்கும் ஒரு வெப்பமண்டலத் தோட்டத்தையும், 8 டிகிரிக்கு இறங்கும் ஓர் அக்டோபர் மாத மோசெல் தோட்டத்தையும் இந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தால், முன்னதில் ஓர் இரவில் எரியும் ஆப்பிள் அமிலம் பின்னதில் எரிவதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர்த் திராட்சை இனிப்பும் மணமும் மிகுந்து, புளிப்பு அடங்கியிருப்பதில் இந்த வெப்பத்துக்குப் பெரிய பங்கு உண்டு. உண்பதற்கான பழத்தில் அது சிறப்பு. கூர்மையான வெள்ளை ஒயினுக்கு அது போதாது.

ஐம்பதாவது அட்சரேகையின் சரிவுகள்

பிரான்சின் வோஜ் மலைத்தொடரில் ஊற்றெடுத்து, லக்சம்பர்க்கின் எல்லையாகச் சிறிது தூரம் ஓடி, ஜெர்மனிக்குள் டிரியர் நகரைக் கடந்து, கோப்லென்ஸில் ரைன் ஆற்றோடு கலக்கும் மோசெல், ஏறத்தாழ வடக்கு 50ஆவது அட்சரேகையை ஒட்டிப் பாய்கிறது. திராட்சை பழுக்கக்கூடிய வடக்கு எல்லை என்று நெடுங்காலமாகக் கருதப்பட்ட பகுதி அது. டிரியருக்கும் கோப்லென்ஸுக்கும் இடையே ஆறு நேராகச் செல்லாமல், பாம்பைப்போல வளைந்து வளைந்து ஆழமான பள்ளத்தாக்கை அறுத்திருக்கிறது. ஒவ்வொரு வளைவிலும் ஒரு கரை தெற்கு நோக்கியும் மறுகரை வடக்கு நோக்கியும் அமைகிறது. தெற்கு நோக்கிய சரிவு முழுவதும் கொடிகள். வடக்கு நோக்கியதில் பெரும்பாலும் காடு.

இதற்குக் காரணம் எளிய வடிவக் கணக்கு. செப்டம்பர் 22ஐ ஒட்டிய நாளில், 50ஆவது அட்சரேகையில் நண்பகல் சூரியன் அடிவானிலிருந்து 40 டிகிரி உயரத்தில்தான் நிற்கிறது. சாய்ந்து விழும் அந்த ஒளியைச் சமதரை வாங்கும்போது, நேராக விழுந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடியதில் சுமார் 64 விழுக்காடு மட்டுமே அதற்குக் கிடைக்கிறது. தெற்கு நோக்கி 30 டிகிரி சாய்ந்த சரிவுக்கு 94 விழுக்காடு கிடைக்கிறது. அதே சூரியன், அதே நாள். சரிவுக்கு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு ஒளி. பிரெம் என்னும் ஊரின் மேலே எழும் கால்மோன்ட் தோட்டம் சில இடங்களில் 60 டிகிரிக்கும் மேல் செங்குத்தானது. ஐரோப்பாவின் மிகச் செங்குத்தான திராட்சைத் தோட்டமாக எண்ணப்படுவது அது.

சரிவுகளை மூடியிருப்பது சிலேட்டுக் கல். சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சேறு, மலைகள் எழுந்தபோது நசுங்கி இறுகி, தகடு தகடாகப் பிளக்கும் பாறையானது. இந்தக் கல் ஒயினுக்குத் தன் சுவையையே ஏற்றுகிறது என்று விற்பனைத் தாள்களில் அடிக்கடி எழுதப்படுகிறது, அது நம்பத்தக்கதன்று. பாறை வேர் வழியே ஏறிக் கிண்ணத்துக்குள் சுவையாக வருவதில்லை. சிலேட்டு செய்யும் வேலை வேறு, அது குறைவானதும் அன்று: கருநிறத் தகடுகள் பகல் வெயிலை உறிஞ்சி மாலையில் கொடியின் அடிப்பகுதிக்கு விடுகின்றன, மழைநீர் தேங்காமல் வடிகிறது, பிளவுகளில் வேர்கள் ஆழமாக இறங்குகின்றன. ஆக, பகலில் சர்க்கரை செய்வதற்குப் போதிய ஒளியும், இரவில் ஆப்பிள் அமிலத்தைக் காப்பதற்குப் போதிய குளிரும் ஒருங்கே கிடைக்கும் அரிய ஓர் ஏற்பாடு இந்தப் பள்ளத்தாக்கில் அமைந்திருக்கிறது.

அதற்கு ஏற்ற இனம் ரீஸ்லிங். ரைன்கரையை அடுத்த ரூசல்ஸ்ஹைமில் 1435இல் எழுதப்பட்ட ஒரு கணக்குக் குறிப்பில் அதன் பெயர் முதன்முறையாகக் காணப்படுகிறது. தாமதமாகப் பழுப்பது, கடுங்குளிரைத் தாங்குவது, புளி அமிலத்தை நிறைய வைத்திருப்பது ஆகிய மூன்றும் அதன் இயல்புகள். டிரியரின் ஆட்சியாளராயிருந்த பேராயர் கிளெமென்ஸ் வென்செஸ்லாஸ் 1787இல், தரமற்ற கொடிகளை அகற்றி நல்ல இனங்களை நடுமாறு ஆணையிட்டபின் மோசெலில் ரீஸ்லிங்கின் இடம் உறுதியாயிற்று; இன்று அங்குள்ள கொடிகளில் பாதிக்கு மேல் அதுவே.

இந்தத் தோட்டங்கள் சிறு குடும்பங்களின் கையில் துண்டு துண்டாக இருப்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. பிரெஞ்சு ஆட்சி நிலவிய 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மடங்களின் நிலங்கள் பறிமுதலாகி ஏலத்துக்கு வந்தன; சொத்தை எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்கிடும் வழக்கம் அவற்றைத் தலைமுறைதோறும் மேலும் கூறாக்கியது. மூன்று நான்கு ஹெக்டேர், அதாவது எட்டுப் பத்து ஏக்கர், அதுவும் பல ஊர்ச் சரிவுகளில் சிதறிக் கிடப்பது ஒரு குடும்பத்தின் முழுச் சொத்தாக இருப்பது அங்கே வழக்கம். செங்குத்தான பகுதிகளில் டிராக்டர் ஏறாது. ஒவ்வொரு கொடியும் தனிக் கம்பத்தில் கட்டப்பட்டு, அதன் இரு கிளைகள் இதய வடிவில் வளைத்து முடியப்படுகின்றன. கத்தரிப்பு, கட்டுதல், பறிப்பு எல்லாம் கையால்தான். சமதரைத் தோட்டத்தைப்போலப் பல மடங்கு உழைப்பு வேண்டும். இந்த உழைப்பு எல்லாக் காலத்திலும் வயிற்றை நிரப்பியதில்லை. டிரியரில் பிறந்த கார்ல் மார்க்ஸ், 1843இல் கொலோன் நகர இதழில் மோசெல் திராட்சை உழவர்களின் துயரைப் பற்றி எழுதினார்; பொருளியலின் பக்கம் தம்மைத் திருப்பியவற்றுள் அந்த விவாதமும் ஒன்று என்று அவரே பின்னாளில் குறிப்பிட்டிருக்கிறார்.

பறிக்கும் நாள்

குளிர்ந்த பள்ளத்தாக்கில் சர்க்கரை ஏறுவதும் ஆப்பிள் அமிலம் இறங்குவதும் மெதுவாக நடப்பதால், பறிப்பதற்கான நாளை உழவர் தேர்ந்தெடுக்க முடிகிறது. வெப்பமான நாட்டில் இந்த இரு கோடுகளும் விரைந்து ஒன்றையொன்று கடந்துவிடும். அங்கே சில நாள்கள் தாமதித்தாலே புளிப்பு கைவிட்டுப் போகும். மோசெலில் வாரக்கணக்கில் காத்திருக்கலாம், ஆனால் காத்திருப்பதிலும் ஆபத்து உண்டு. மழை நீடித்தால் பழம் வெடித்து அழுகும். குளவிகளும் பறவைகளும் தம் பங்கைக் கேட்கும்.

ஆகையால் அறுவடைக்கு முன் குடும்பத்தில் ஒருவர் நாள்தோறும் சரிவில் ஏறி இறங்குகிறார். அவர் சட்டைப்பையில் இருப்பது விரலளவு தடிமனான ஒரு குழல், ஒளிவிலகல்மானி. அதன் சாய்ந்த கண்ணாடி முகப்பில் ஒரு பழத்தைப் பிதுக்கி ஒரு துளி சாற்றை வைத்து, மூடியை அமர்த்தி, வானத்தை நோக்கிப் பிடித்துப் பார்த்தால், உள்ளே நீல வட்டத்தின் நடுவே ஒரு கோடு தெரிகிறது. சர்க்கரை கூடக்கூட ஒளி கூடுதலாக வளைவதால் கோடு மேலேறுகிறது. அவர் படிக்கும் எண்ணுக்கு எக்ஸ்லே டிகிரி என்று பெயர். ஃபோர்ட்ஸ்ஹைம் நகரப் பொற்கொல்லர் ஃபெர்டினான்ட் எக்ஸ்லே 19ஆம் நூற்றாண்டில் பரப்பிய இந்த அளவின் பொருள் மிக எளிது: ஒரு லிட்டர் சாறு, ஒரு லிட்டர் நீரைவிட எத்தனை கிராம் கூடுதல் எடை என்பதே அந்த எண். 80 எக்ஸ்லே என்றால் லிட்டர் 1,080 கிராம்.

புளிப்பை அளக்க வீட்டுக் கொட்டகையில் வேறொரு ஏற்பாடு இருக்கிறது. கோடுகள் வரையப்பட்ட ஒடுங்கிய கண்ணாடிக் குழாயில் குறிப்பிட்ட அளவு சாற்றை ஊற்றி, நிறங்காட்டி கலந்த நீல நிறக் காரக் கரைசலைச் சிறிது சிறிதாக விடுகிறார்கள். அமிலம் இருக்கும் வரை நீலம் விழுந்த இடத்திலேயே நிறம் மாறிவிடுகிறது. அமிலம் முழுவதும் ஈடுகட்டப்பட்ட நொடியில் கலவை நீலமாகவே நின்றுவிடுகிறது. அப்போது நீர்மட்டம் எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுவே லிட்டருக்கு இத்தனை கிராம் அமிலம் என்ற கணக்கு. இந்த இரண்டு எண்களோடு, பழத்தை மென்று பார்ப்பதும், விதை பச்சையிலிருந்து பழுப்புக்குத் திரும்பிவிட்டதா என்று துப்பிப் பார்ப்பதும் சேரும்போதுதான் முடிவு எடுக்கப்படுகிறது. கருவிகளைவிட நாவுக்கே பெரும்பாலோர் கடைசி வாக்கைத் தருகிறார்கள். மணத்தின் முதிர்ச்சியை இந்த இரு கருவிகளும் காட்டுவதில்லை என்பதால் அது நியாயமானதே.

ஒரு லிட்டர் சாற்றின் கணக்கு

அப்படிப் பறிக்கப்பட்ட பழத்திலிருந்து பிழிந்த ஒரே ஒரு லிட்டர் சாற்றைப் பின்தொடர்ந்து சென்றால், கூர்மை காக்கப்படும் விதம் முழுவதும் விளங்கும். எடுத்துக்காட்டுக்காக, சாறு 80 எக்ஸ்லே என்றும், அமிலம் லிட்டருக்கு 9 கிராம் என்றும் வைத்துக்கொள்ளலாம். நல்லதொரு மோசெல் அறுவடைக்குப் பொருந்தக்கூடிய எண்கள் இவை. வெள்ளை ஒயினுக்குப் பழத்தை உடனே பிழிந்து தோலை விலக்கிவிடுகிறார்கள். தோலோடு ஊறவிட்டால் வரக்கூடிய துவர்ப்பு இதில் வேண்டியதில்லை.

80 எக்ஸ்லே சாற்றின் ஒரு லிட்டரில் சுமார் 180 கிராம் சர்க்கரை இருக்கிறது. ஈஸ்ட் என்னும் ஒற்றையணு நுண்ணுயிர் இந்தச் சர்க்கரையைத் தின்று, ஏறத்தாழப் பாதியை ஆல்கஹாலாகவும் மறுபாதியைக் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது, இதுவே நொதித்தல். ஒரு லிட்டரில் 17 கிராம் சர்க்கரை செலவானால் ஆல்கஹாலின் அளவு 1 விழுக்காடு ஏறும் என்பது பாதாள அறைகளில் வழங்கும் கணக்கு. 180 கிராமும் செலவானால் ஆல்கஹால் 10.6 விழுக்காட்டுக்கு அருகில் வரும்.

வெளியேறும் வாயுவின் அளவு பலரை வியக்க வைக்கும். ஒரே ஒரு லிட்டர் சாற்றிலிருந்து 40 லிட்டருக்கும் மேற்பட்ட கரியமில வாயு எழுகிறது. மோசெலின் மரபான ஓக் பீப்பாயான ஃபூடர் 1,000 லிட்டர் கொள்வது. ஒரு ஃபூடர் நொதித்து முடிவதற்குள் 40,000 லிட்டர் வாயுவை, அதாவது நான்கு மீட்டர் நீளமும் நான்கு மீட்டர் அகலமும் இரண்டரை மீட்டர் உயரமும் கொண்ட ஓர் அறையைத் தரையிலிருந்து கூரைவரை நிரப்பும் வாயுவை வெளியிட்டிருக்கும். காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமான அது தரையை ஒட்டித் தேங்குகிறது. நிறமும் இல்லை, புகையும் இல்லை. கையில் எரியும் மெழுகுவர்த்தியைத் தாழப் பிடித்துக்கொண்டு பாதாள அறைக்குள் இறங்குவதும், சுடர் அணைந்தால் அக்கணமே திரும்பிவிடுவதும் பழைய தலைமுறைகளின் பழக்கம். இன்று எச்சரிக்கைக் கருவிகளும் காற்றோட்ட விசிறிகளும் இருக்கின்றன. இருந்தும் அறுவடைக்காலத்தில் கவனக்குறைவு உயிரைப் பறிக்கக்கூடியதே.

கூர்மைக்கு இதில் இரண்டு உதவிகள் கிடைக்கின்றன. குளிர்ந்த அறையில் மெதுவாக நொதிக்கும்போது மணப்பொருள்கள் வாயுவோடு சேர்ந்து அடித்துச் செல்லப்படுவது குறைகிறது. வாயுவிலும் சிறு பங்கு ஒயினிலேயே கரைந்து தங்கி, இளம் ஒயினுக்கு நாக்கின் நுனியில் மெல்லிய சுறுசுறுப்பைத் தருகிறது.

நொதித்தல் முடிந்த பின்னரும் ஒரு கண்டம் காத்திருக்கிறது. ஆப்பிள் அமிலத்தைத் தின்னும் பாக்டீரியாக்கள் உண்டு. அவை அதைத் தயிரின் புளிப்புக்குக் காரணமான லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. லாக்டிக் அமிலம் புளிப்பில் மென்மையானது. கூடவே வெண்ணெயை நினைவூட்டும் மணம் ஒன்றும் வரும். செந்நிற ஒயின்களில் இந்த மாற்றத்தை வேண்டுமென்றே நடக்க விடுகிறார்கள். மோசெல் குடும்பங்களில் பெரும்பாலோர் இதைத் தடுக்கிறார்கள். அறையின் குளிரும், சிறிதளவு சேர்க்கப்படும் கந்தக டை ஆக்சைடும் பாக்டீரியாக்களை அடக்கிவைக்கின்றன. சரிவில் மாதக்கணக்கில் காத்த ஆப்பிள் அமிலத்தைப் பாதாள அறையில் இழக்க யாருக்கு மனம் வரும்?

சட்டம் அறிந்த சுவை

180 கிராம் சர்க்கரையில் கடைசிச் சில கிராம்களை ஈஸ்ட் விட்டுவைப்பதுண்டு. இங்கே ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒயின் விதி ஒன்று கவனிக்கத்தக்கது. இனிப்பற்றது என்ற பெயரில் விற்கப்படும் ஒயினில் லிட்டருக்கு 4 கிராம் வரை சர்க்கரை இருக்கலாம். ஆனால் அமிலம் சர்க்கரையைவிட 2 கிராமுக்கு மேல் குறையாமல் இருந்தால், சர்க்கரை 9 கிராம் வரை போகலாம். எடுத்துக்காட்டான சாறு நொதித்துத் தெளிந்தபின் அமிலம் 8 கிராமாக நின்றால், 9 கிராம் சர்க்கரையோடு அது இனிப்பற்றதாகவே விற்கப்படலாம். அமிலம் 5 கிராம் மட்டுமே உள்ள ஒயினுக்கு அந்த எல்லை 7 கிராமில் முடிந்துவிடும். இனிப்பும் புளிப்பும் நாவில் ஒன்றையொன்று மறைக்கின்றன என்ற உண்மையைச் சட்டமே கணக்கில் எழுதி வைத்திருக்கிறது.

நொதித்தலை இடையிலேயே நிறுத்துவோரும் உண்டு. பீப்பாயைக் கடுங்குளிருக்கு உட்படுத்தி, ஈஸ்ட்டை வடிகட்டி நீக்கினால் மீதிச் சர்க்கரை அப்படியே தங்கும். ஆல்கஹால் 8 விழுக்காட்டில் இருக்கும்போது நிறுத்தினால், செலவான சர்க்கரை 136 கிராம், எஞ்சுவது 44 கிராம். ஒரு லிட்டர் கோலா பானத்தில் இருப்பதில் பாதிக்குச் சற்றுக் குறைவான அளவு இது. இவ்வளவு சர்க்கரையோடும் அந்த ஒயின் திகட்டுவதில்லை. 9 கிராம் அமிலம் அதைத் தாங்கிப் பிடிக்கிறது.

நாவின் புளிப்புணர்வு நேரடியானது. அமிலம் நீரில் கரையும்போது ஹைட்ரஜன் அயனிகள் பிரிகின்றன. சுவை மொட்டுகளில் உள்ள சில உயிரணுக்களின் சுவரில் இந்த அயனிகளை மட்டும் உள்ளே விடும் வாயில் ஒன்று இருக்கிறது. பாலூட்டிகளில் அந்த வாயில் எந்தப் புரதத்தால் ஆனது என்பது 2019இல் வெளியான ஆய்வுகளில்தான் உறுதியாயிற்று. அயனிகளைக் கழுவிச் சமன் செய்ய உமிழ்நீர் சுரக்கிறது. வாயில் நீர் ஊறுதல் என்பது அந்தக் காப்புச் செயலே. மறுபுறம், இனிப்பை உணரும் உயிரணுக்கள் குளிரில் மந்தமாகின்றன. வெள்ளை ஒயினைக் குளிர வைத்துப் பரிமாறும்போது இனிப்பு பின்வாங்குவதும் புளிப்பு முன்னுக்கு வருவதும் இதனால்தான்.

அடியில் படியும் படிகம்

இத்தகைய ஒயின் குப்பியைக் குளிர்பெட்டியில் நெடுநாள் வைத்தால், அடியிலும் தக்கையின் உட்புறத்திலும் நிறமற்ற சிறு துகள்கள் படிவதுண்டு. விரலால் எடுத்தால் சர்க்கரைப் பரல்போல இருக்கும். பல்லில் பட்டால் நறநறக்கும். கண்ணாடித் தூள் விழுந்துவிட்டது என்று அஞ்சிக் குப்பியைத் திருப்பித் தருவோர் உண்டு. உண்மையில் அது புளி அமிலம் பொட்டாசியத்தோடு சேர்ந்து உருவாகும் உப்பு; ஆல்கஹால் கலந்த குளிர்ந்த நீரில் அது குறைவாகவே கரையும் என்பதால் படிகமாக வெளியேறுகிறது. அதையே தூய்மைப்படுத்தி, கேக் செய்வோர் முட்டையின் வெண்கருவை நுரைக்க அடிக்கும்போது சேர்க்கிறார்கள். உடலுக்குக் கேடில்லாத அந்தப் படிகம், பழத்தில் எரியாமல் தப்பிய அமிலம் ஒயினுக்குள்ளும் வந்து சேர்ந்திருக்கிறது என்பதற்குக் கண்கூடான சான்று.

ஸ்வீடன் வேதியியலர் கார்ல் ஷீலே 1769இல் ஒயின் பீப்பாய்களில் படிந்த இந்த உப்பிலிருந்துதான் புளி அமிலத்தைப் பிரித்தெடுத்தார். மோசெல் பிறக்கும் அதே வோஜ் மலைகளின் மறுபுறத்தில், டான் என்னும் ஊரில் இருந்த ஒரு வேதித் தொழிற்சாலையில், பின்னர் இதனை ஒத்த வேறோர் அமிலமும் கிடைத்தது. உட்கூறுகள் ஒன்றாக இருந்தும் ஒளியைக் கையாளும் விதத்தில் இரண்டும் வேறுபட்டன. 25 வயதான லூயி பாஸ்டர் 1848இல், அந்த இரண்டாம் அமிலத்தின் உப்புப் படிகங்களை உருப்பெருக்கியின் கீழ் வைத்து, வலக்கையும் இடக்கையும்போல ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமான இரண்டு வகை அதில் கலந்திருப்பதைக் கண்டு, இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பிரித்தார். மூலக்கூறுகளுக்கு இடமும் வலமும் உண்டு என்ற அறிவு அந்த மேசையில் தொடங்கியது. இன்றைய மருந்தியலில் அதைத் தவிர்த்து ஓர் அடி வைக்க முடியாது. புளியும் திராட்சையும் அந்த இரண்டில் ஒரே வகையைத்தான் செய்கின்றன.

வெப்பம் ஏறும் பள்ளத்தாக்கு

மோசெல் உழவர்களின் பழைய கவலை புளிப்பு மிகுவதைப் பற்றியது. பழம் முழுமையாகப் பழுக்காத குளிராண்டுகள் அடிக்கடி வந்தன. அவ்வாண்டுகளின் ஒயினைச் சுண்ணாம்பு உப்பிட்டுப் புளிப்புக் குறைக்க வேண்டியிருந்தது. டிரியரில் வாழ்ந்த லுட்விக் கால், 19ஆம் நூற்றாண்டின் நடுவில், நொதிக்குமுன் சாற்றில் சர்க்கரை நீரைச் சேர்க்கும் முறையைப் பரப்பியதும் அந்த வறுமைக்கு ஒரு தீர்வாகத்தான். கடந்த சில பத்தாண்டுகளில் நிலை தலைகீழாகியிருக்கிறது. ஐரோப்பாவை வாட்டிய 2003ஆம் ஆண்டுக் கோடையில் புளிப்பு அளவுக்கு மீறிக் குறைந்தபோது, வடக்குப் பகுதிகளிலும் சாற்றில் அமிலம் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் விதிவிலக்காக இசைவு தந்தது. மோசெல் வரலாற்றை அறிந்தோருக்கு அது நம்ப முடியாத செய்தி.

சர்க்கரை விரைவில் ஏறுவதால் பறிப்பு அக்டோபரின் பிற்பகுதியிலிருந்து செப்டம்பருக்கு நகர்ந்து வருகிறது. செப்டம்பர் இரவுகள் அக்டோபர் இரவுகளைப்போலக் குளிர்ந்தவை அல்ல; ஆகவே ஆப்பிள் அமிலத்தின் இழப்பு இரண்டு வழிகளில் கூடுகிறது, கோடையின் வெப்பத்தால் ஒருமுறை, முன்னே தள்ளப்பட்ட பழுக்கும் காலத்தால் மறுமுறை. புளி அமிலம் அதே அளவில் நிற்பதால் ஒயின் ஒரேயடியாகத் தட்டையாகிவிடாது; ரீஸ்லிங்குக்கு இது ஒரு காப்பு. ஆனால் இரு அமிலங்களின் கூட்டில் பிறந்த அந்தப் பச்சைத் துடிப்பு குறைவதை அனுபவமுள்ள நாக்கு அறியும். இடையிடையே 2021 போன்ற குளிர்ந்த ஆண்டும் வருகிறது, அப்போது பழைய கூர்மை திரும்புகிறது. ஆயினும் எந்த ஆண்டு எப்படி அமையும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத நிலையே சிறு குடும்பங்களுக்குப் பெருஞ்சுமை, ஏனெனில் ஒரு பருவத்தின் இழப்பை மறு பருவத்தில் ஈடுகட்டும் கையிருப்பு அவர்களிடம் அதிகமில்லை.

செய்வதற்கு வழிகள் இல்லாமல் இல்லை. தந்தையர் காலத்தில் வெயில் படுவதற்காகப் பழக்கொத்தைச் சுற்றிய இலைகளைக் கிள்ளியெறிந்த குடும்பங்கள், இன்று மேற்கு வெயில் படும் பக்கத்தில் இலைகளை அப்படியே விட்டுவைக்கின்றன. விடியற்காலைக் குளிரிலேயே பறித்து, நண்பகலுக்குள் பிழிந்துவிடுகிறார்கள். மோசெலின் கிளையாறுகளான சார், ரூவர் ஆகியவற்றின் பக்கப் பள்ளத்தாக்குகளில், குளிர் மிகுதியால் பழம் பழுக்காது என்று ஒரு காலத்தில் கைவிடப்பட்ட உயரமான சரிவுகள் மீண்டும் நடவுக்கு வருகின்றன. ஒரு கொடி நட்டால் முதல் முழு விளைச்சலுக்கு மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும், அதன்பின் முப்பது நாற்பது ஆண்டுகள் அது காய்க்கும். ஆகையால் இன்று அந்த உயரங்களில் குழி தோண்டுவோர், 2060ஆம் ஆண்டின் இரவுகள் எவ்வளவு குளிர்ந்திருக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டே கம்பங்களை ஊன்றுகிறார்கள்.